மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கை

டூசான், அரிசோனா
ஏப்ரல் 13, 1986

அன்புள்ள பெர்னிஸ் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிளாரன்ஸுக்கு மூச்சு எவ்வளவோ தேவலை. மில்வாக்கியில் நாற்காலியில் சாய்ந்தபடியே இரவைக் கழித்த மனுஷன் இப்போது கட்டிலில் கால் நீட்டிப் படுக்கிறார். டாக்டர் சொன்னதைக் கேட்டு இந்தப் பாலைவனத்துக்கு வந்தது வீண் போகவில்லை.

ஆனால் பேஸ்பால் சீசனின் முதல் ஆட்டத்தன்று எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாளில் நான் உன் பக்கத்தில் இல்லாமல் இருந்ததில்லை. இங்கே ரேடியோவில் நம் அணியின் ஆட்டம் எடுப்பதும் இல்லை. மறுநாள் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தான்.

என் இருக்கையில் யார் உட்கார்ந்தார்கள்? உன் கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டு வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் கேட்கலாம் என்றால் நீதான் அதைத் தொடவே மாட்டாய். ரோமன் மாமா உன்னைத் தனியாக விட்டுப் போன சேதி அதில் வந்ததிலிருந்து உனக்கு அந்தக் கருவி ஆகாது.

இன்னொன்று. போன கடிதத்தை டைப் அடித்து அனுப்பியிருந்தாய். சொந்தத் தங்கைக்கு ஆபீஸ் கடிதமா? ஆட்டத்தைப் பற்றி விவரமாக எழுது. ஒருவரையும் விடாதே.

உன் லூசில்


மில்வாக்கி
ஏப்ரல் 27

அன்புள்ள லூசிலுக்கு,

நலம். கிளாரன்ஸ் படுத்துத் தூங்குகிறார் என்று கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அவரை அங்கிருந்து நகர்த்திவிடாதே.

விரல் மூட்டுகள் மடங்க மறுக்கின்றன, அதனால்தான் டைப். முதல் நாள் ஏரிக்காற்று எலும்பைத் துளைத்தது. கார் நிறுத்துமிடத்தில் வழக்கம்போல ஊரே அடுப்பு மூட்டி சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தது. உன் இருக்கையில் அடலின் உட்கார்ந்தாள். நம் சர்ச்சுக்கு வருவாளே, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சும்மா கிடக்கிற இருக்கைதானே என்று நான்தான் கூப்பிட்டேன்.

அவளுடைய அண்ணன் மகன் அச்சகம் வைத்திருக்கிறான். வெளியூரிலிருந்து நம் மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட வேண்டுமாம். எந்த வாசல் நல்லது, எங்கே என்ன சாப்பிடலாம், எந்தப் பகுதியில் வெயில் அடிக்கும், எல்லாம். அடலினும் நானும் சேர்ந்து எழுதுகிறோம். உனக்குத் தெரிந்ததையும் எழுதி அனுப்பு. நிழல் விஷயத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

அடலின் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

பெர்னிஸ்


டூசான்
மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். விரலுக்கு ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடு.

அடலினா? உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? சர்ச் கூடத்தில் சீட்டாடும்போது வாத்து கத்துகிற மாதிரி சிரிப்பாளே, அவள்தானே? ரோமன் மாமாவின் துக்கத்துக்கு ஊரில் எல்லாரும் சமைத்துக் கொண்டுவந்தபோது, டப்பா சூப்பைச் சுட வைத்து எடுத்து வந்தவள்தானே? மூன்றாம் பேஸுக்கு நேர் பின்னால் இருக்கும் அந்த இடத்துக்காக நானும் நீயும் எத்தனை வருஷம் காத்திருந்தோம்! எறிகிற பந்தில் எது ஸ்ட்ரைக், எது தப்பான பந்து என்றாவது அவளுக்குத் தெரியுமா?

வழிகாட்டிப் புத்தகமாம். எனக்குத் தெரிந்ததை நான் ஏன் அவளுக்குச் சொல்ல வேண்டும்? அவளே வெயிலில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளட்டும்.

சரி, அவளை நம்பி வருகிற வெளியூர்க்காரன் என்ன பாவம் செய்தான். எழுதிக்கொள். பகல் ஆட்டமென்றால் மூன்றாம் பேஸ் பக்கம்தான் முதலில் நிழல் விழும். அதிலும் மேல்தளத்துக்குக் கீழே பின்வரிசை. முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் நேரே கண்ணில். தூண் மறைக்கிற இருக்கைகளை டிக்கெட் விற்கிறவன் வாய் திறந்து சொல்ல மாட்டான், நாமாகக் கேட்க வேண்டும். சாஸேஜ் இடது மூலைக் கடையில் வாங்கினால்தான் கருக வறுபட்டிருக்கும்.

இதையெல்லாம் லூசில் சொன்னாள் என்று அவளிடம் சொல்.

உன் தங்கை


மில்வாக்கி
ஜூன் 8

அன்புள்ள லூசிலுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கிளாரன்ஸ் எப்படி? அந்த வெயிலில் நடக்கப் போகிறாரா?

நீ எழுதிய நிழல் விவரத்தை அப்படியே சேர்த்துக்கொண்டோம். சில பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார். வாசலைப் பற்றிய பக்கம் அடலினுக்கு மிகவும் பிடித்தது. "தெற்கு வாசலில் நுழைந்ததும் வலது கைப்பக்கம் இரும்புக் கம்பி ஓடும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் சரிவு உங்களை மேலே கொண்டு சேர்க்கும். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் சாப்பாட்டுக் கடைகள் நெருங்கிவிட்டன. ஆர்கன் இசை முதுகுப் பக்கமிருந்து கேட்டால் வழி தப்பிவிட்டீர்கள், திரும்புங்கள்" என்று போகிறது.

போன சனிக்கிழமை ஜெயித்தோம். எட்டாவது இன்னிங்ஸில் மட்டையில் பந்து பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் கூட்டத்தின் மூச்சு நின்றது, பிறகு மொத்த மைதானமும் எழுந்தது. பலகைத் தரை அதிர்ந்து என் கால் வரைக்கும் வந்தது.

பெர்னிஸ்


டூசான்
ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு நலம்தானே? கிளாரன்ஸ் காலையில் மட்டும் தபால் பெட்டி வரை நடக்கிறார்.

பக்கங்களைப் படித்தேன். முகப்பில் "அடலினும் பெர்னிஸும்" என்று போட்டிருக்கிறீர்கள். நிழல் என்னுடையது, தூண் என்னுடையது, மூலைக் கடை என்னுடையது. பெயர் மட்டும் அவளுடையது. என் நாற்காலியில் உட்கார்ந்தது போதாமல் என் வாயிலிருந்தும் எடுத்துக்கொண்டாளா?

கம்பியைப் பிடி, வெங்காயத்தை மோந்து பார் என்று எழுதியிருப்பதெல்லாம் யாருக்காக? சுவரில் ஆளுயர எழுத்தில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறானே!

உன் கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. முன்பெல்லாம் யார் எப்படி நடந்து வந்தான், எவன் தொப்பியை எத்தனை தரம் தொட்டான் என்று எழுதுவாய். இப்போது சத்தம், மூச்சு, அதிர்வு. இடது மூலையில் விளையாட வந்திருக்கும் புதுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டத்தைப் பார்க்கிறாயா, அவளோடு அரட்டை அடிக்கிறாயா? அவளைக் கேள்: கட்டிக்கொள்ள ஒரு ஆண்பிள்ளை கிடைக்காத குறைக்கு அடுத்தவளுடைய அக்காவைப் பிடுங்கிக்கொள்கிறாளா என்று.

ஆகஸ்டில் ஒரு வாரம் வரலாமென்று இருக்கிறேன். கிளாரன்ஸைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். அந்த வாரம் மட்டும் அவளை வேறெங்காவது உட்காரச் சொல்.

லூசில்


மில்வாக்கி
ஜூலை 20

அன்புள்ள லூசிலுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஆகஸ்டில் வர வேண்டாம். கிளாரன்ஸைத் தனியாக விட்டுவிட்டு வருவது சரியில்லை. எனக்கும் அச்சகத்து வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உன்னோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

ஊரில் எல்லாரும் சௌக்கியம்.

பெர்னிஸ்


டூசான்
ஜூலை 28

பெர்னிஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூடப் பிறந்தவள் வருகிறேன் என்றால் நேரமில்லை என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாய். நன்றாக இரு.

அடுத்த வருஷத்துக்கு அந்த இருக்கையை அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடு. எனக்கு வேண்டாம். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

லூசில்


மில்வாக்கி
செப்டம்பர் 10

மதிப்புக்குரிய லூசில் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் கணவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அடலின். இந்தக் கடிதம் பெர்னிஸுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் நான் இதுவரை எதுவும் செய்ததில்லை. ஆனால் போன மாதம் முழுக்க அவள் தினமும் தபால்காரனின் காலடிச் சத்தத்துக்காகக் கதவருகே போய் நிற்பதைப் பார்த்தேன். அதன்பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் அக்காவுக்குக் கண் தெரியவில்லை. முழு இருட்டு இல்லை. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சமும் நிழலும் தெரியும். நேரே பார்ப்பதெல்லாம் போய்விட்டது. நீங்கள் இங்கிருந்து கிளம்பும்போதே மங்க ஆரம்பித்திருந்தது, உங்களிடம் மறைத்துவிட்டாள். இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சொன்னால் நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடுவீர்கள், இந்த ஊர்க் குளிரில் உங்கள் கணவரின் நுரையீரல் தாங்காது என்று அவளுக்குப் பயம். "அவ புருஷனா நானான்னு அவளைத் தேர்ந்தெடுக்க வைக்க மாட்டேன்" என்று சொல்லி என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். வாக்கை இன்று மீறுகிறேன்.

அவள் கடிதங்களை டைப் அடித்தது நான். உங்கள் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான்.

மே மாதக் கடிதத்தில் வாத்து வந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை. "ஏன் நிறுத்தினே? உன்னைப் பத்தி ஏதோ எழுதியிருக்கா. படி அடலின். அவ எழுதினது எனக்கு முழுசா வேணும்" என்றாள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். கல்யாணமாகாததைப் பற்றி நீங்கள் எழுதியதையும் படித்தேன். தொலைபேசி நிலையத்தில் இருந்தவள் நான். எந்தச் சேதியானாலும் குரல் மாறாமல் சொல்லப் பழகியவள். அன்று பெர்னிஸ்தான் அழுதாள். நான் வீட்டுக்குப் போன பிறகு அழுதேன்.

புத்தகம் எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கத் தனியாக எழுந்து போனாள், நான் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்து கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு தூணைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். யாரிடமும் உதவி கேட்கவில்லை. மறுநாள் என்னிடம், "இந்த இடத்தை நான் மறுபடி முதல்லேருந்து கத்துக்கணும்" என்றாள். அப்புறம் ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே போய்க் கையால் தடவி, காதால் கேட்டு, மூக்கால் மோந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் என் அண்ணன் மகன் அச்சடிக்கலாம் என்றான்.

என் மேல் உங்களுக்குப் பொறாமை என்று தெரியும். எனக்கும் உங்கள் மேல் உண்டு. ஆட்டம் முழுக்க நான் அவளுக்கு மைதானத்தில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், தொண்டை வறண்டு போகிறது. நல்ல பந்து ஒன்று வந்துவிட்டால் அவள் சொல்வது ஒன்றுதான்: "லூசில் இருந்திருக்கணும்."

இந்த மாதக் கடைசியில் சீசனின் இறுதி ஆட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வாருங்கள். உங்கள் டிக்கெட்டைத் தெற்கு வாசல் காவலரிடம் கொடுத்து வைக்கிறேன். அன்று பெர்னிஸை அவள் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

மரியாதையுடன்,
அடலின்


டூசான்
அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கிளாரன்ஸ் நலம். நீ கொடுத்த கசகசா ரொட்டியில் பாதியை ரயிலிலேயே தின்றுவிட்டேன் என்று அவருக்கு என் மேல் வருத்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பக்கத்திலேயே இருந்தும் உனக்குத் தெரியாமல் போனவற்றை எழுதுகிறேன். இதை அடலின்தான் வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நான் வந்து என் இடத்தில் உட்கார்ந்ததும், மைதானத்தின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமலேயே நீ, "ஏன் அடலின், இவ்வளவு நேரம்?" என்று கேட்டாய். நான் வாயடைத்துப் போனேன். அதைத் திகைப்பு என்று நினைத்திருப்பாய். இல்லை. அவ்வளவு தூரம் ரயிலில் வந்தவளுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. பிறகு நீ என் கோட்டுக் கையைத் தடவிப் பார்த்து, "நீயாடி?" என்றாயே, அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நான் பட்ட பாடு உனக்கே தெரியும். ஆயுசு முழுக்க பேஸ்பால் பார்த்தவள், அதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. "அதோ, அங்கே பாரு, போகுது போகுது" என்று கத்தினேன். "எங்கேடி போகுது? அதைச் சொல்லு" என்று நீ கேட்டாய். நான் சொல்லி முடிப்பதற்குள் ஆள் அவுட்டாகிவிட்டான். முன்வரிசையில் இருந்த கிழவர் பாவம் பார்த்துத் திரும்பி உனக்கு விளக்க ஆரம்பித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

சாஸேஜ் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேனே, முதலில் போனது தொலைபேசிக்கு. காவலரிடம் சில்லறை வாங்கி, அங்கிருந்த டைரக்டரியில் எண்ணைத் தேடி அடலினைக் கூப்பிட்டேன்.

"வாங்க. எனக்குச் சொல்லத் தெரியலை" என்றேன்.

"நான் வந்தா நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

"படியில உக்காந்துக்கிறேன்."

ஆறாவது இன்னிங்ஸில் வீட்டு உடுப்பின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் எழுந்து என் இடத்தைக் கொடுத்துவிட்டு, உனக்கு இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். பந்தெறிகிற பிட்சர் தோளை உருட்டுகிறான், கால் மாற்றுகிறான், இடது மூலைப் பையன் இரண்டடி முன்னால் வந்து நிற்கிறான். அக்கா, ஒன்று சொல்கிறேன். நான் மைதானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் அந்தப் பெரிய அடி விழுந்தது. சத்தம் கேட்டதுமே நீ கையை நீட்டினாய். நான் ஒரு பக்கம், அடலின் ஒரு பக்கம். நீ அவர் கையைப் பிடித்தாய்.

நீ பார்க்காதது இதுதான். மைதானமே பந்தைப் பார்த்தது. அவர் மட்டும் உன் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உன் விரல்களை மெல்லப் பிரித்து என் பக்கம் தருவதற்குப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். என் அக்காவின் கையை இன்னொருத்தி எடுத்துக் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா என்ற வீம்பு.

அடலின், இந்த இடத்தை நீங்கள் தாண்டிப் போகப் பார்ப்பீர்கள். தாண்டாதீர்கள். சத்தமாகவே வாசியுங்கள். நீங்கள் தனியாக வாழ்வதைக் குத்திக்காட்டி நான் எழுதியது ஈனத்தனம். அதை உங்கள் வாயாலேயே அவளுக்குப் படித்துக் காட்ட வைத்தது அதைவிட ஈனத்தனம். நீங்கள் படிப்பது தெரியாது என்பது சமாதானம் ஆகாது. என்னை மன்னியுங்கள். டப்பா சூப்பைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்ப வாங்க மாட்டேன்.

அக்கா, பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி படுத்தால் நீ நீட்டிய கைதான் கண்ணில் நிற்கிறது. கிளாரன்ஸிடம் சொன்னேன். "பிடிக்க ஒரு கை இருக்கே, அதுக்கு சந்தோஷப்படு" என்றார். சந்தோஷமும் படுகிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது, என்ன செய்ய?

இனிமேல் எதையும் மறைக்காதே.

உன் லூசில்


மில்வாக்கி
நவம்பர் 2

அன்புள்ள லூசிலுக்கு,

இங்கே நலம். முதல் பனி விழுந்துவிட்டது. கிளாரன்ஸிடம் நான் கேட்டதாகச் சொல், அவரை அங்கேயே நிறுத்தி வை. நீ மட்டும் சீசனுக்கு ஒரு முறை வந்து போனால் போதும்.

உன் கடிதத்தை அடலின் ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தாள். சூப்பு வந்த இடத்தில் மட்டும் சிரிப்பு தாங்காமல் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். நீ சொன்னது உண்மைதான், கொஞ்சம் வாத்து மாதிரிதான் இருந்தது. அவளிடமே சொல்லிவிட்டேன். டைப் அடிப்பவளும் அவள்தான், அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கையைப் பற்றி. நான் யோசித்து நீட்டவில்லையடி. பழகின பக்கம் போய்விட்டது. நீ இந்தப் பக்கம் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உனக்கு வலித்தது எனக்கும் வலிக்கிறது.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. முகப்பில் மூன்று பெயரும் இருக்கின்றன. அகரவரிசையில் போட்டிருக்கிறான், நீ கடைசி. சண்டை போடாதே.

நேற்று நாங்கள் இருவரும் டிக்கெட் ஆபீசுக்குப் போய் வந்தோம். மூன்றாம் பேஸ் பக்கம் சேர்ந்தாற்போல மூன்று இருக்கை வேண்டுமென்றால் யாராவது செத்தால்தான் உண்டாம். அதனால் நம் பழைய இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முன்கூட்டிக் கேட்டால் நீ விடமாட்டாய், அதனால் கேட்கவில்லை. முதல் பேஸ் பக்கம் மூன்று கிடைத்தது. நடுவில் நான். உங்கள் இரண்டு பேரில் யார் எந்தப் பக்கம் என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள், என்னை இழுக்காதீர்கள்.

அங்கே சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும் என்று புத்தகத்தில் நாமே எழுதியிருக்கிறோம். எனக்குப் பரவாயில்லை. நீங்கள் இரண்டு பேரும் தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெர்னிஸ்